கொள்ளிடத்துக் கணக்கு

ஆகஸ்ட் பதினைந்து. ஊரெல்லாம் கொடியேற்றி மிட்டாய் தின்றுகொண்டிருந்த நேரத்தில் முத்தியால்பேட்டை மெரின் சைக்கிள் வாங்கப் புறப்பட்டாள். முகத்தைப் பார்த்தால் கடைக்குப் போகிறவள் மாதிரி இல்லை. யாரையோ இரண்டு அறை விடப் போகிறவள் மாதிரி இருந்தது.

அந்தக் கோபம் போன ஆகஸ்டில் தொடங்கியது. மறந்தவர்களுக்கும், இந்த வாரம்தான் இந்தக் குடும்பத்துக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்கும் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

அம்மா ஞானமேரிக்குக் கண் ஆபரேஷன். அது நல்லபடியாக முடிய வேண்டும் என்று மெரின் மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். புதுச்சேரியிலிருந்து வேளாங்கண்ணி வரை வேறு எந்த வண்டியும் ஏறாமல், பெடல் மிதித்தே வந்து சேர்கிறேன் தாயே என்பதுதான் நேர்ச்சை. வருஷா வருஷம் பங்குக் கோயிலிலிருந்து ஒரு சைக்கிள் குழு போகும். அதை நடத்திப் போகிறவன் அவளுடைய அண்ணன் லூர்துபிரகாஷ். பெரிய மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கிறான்.

கொள்ளிடம் பாலம் தாண்டியதும் மெரினின் பழைய சைக்கிளில் பின்டயர் கிழிந்தது. டீக்கடையில் உட்கார், முன்னால் போன வேனை மாற்று டயரோடு திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் குழுவோடு போய்விட்டான். வேன் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. சாயங்காலம் வரை ஈ ஓட்டிக்கொண்டிருந்தவள், இருட்டப் போகிறது என்று டீக்கடைக்காரர் விரட்டியதும் அழுதுகொண்டே ஊருக்குத் திரும்ப பஸ் ஏறினாள். நேர்ச்சை பாதியில் முறிந்தது.

அதோடு விட்டிருந்தால் மெரின் மன்னித்திருப்பாள். அண்ணன் ஊருக்குத் திரும்பி வந்து, அவளால் முடியவில்லை, அவளாகவே பஸ் ஏறிவிட்டாள் என்று சொன்னான். அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை சரியாகத் திரும்பவில்லை. நேர்ச்சையை ஒழுங்காக முடிக்காதவளால் வந்த வினை என்று ஞானமேரி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். மகள் கொண்டுபோய்க் கொடுத்த காபியைக்கூட ஆறவிட்டு அப்படியே வைத்துவிடுவாள்.

ஒரு வருஷம் மெரின் இதை மென்று விழுங்கினாள். இந்த வருஷம் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டாள்.

காமராஜர் சாலையில் அந்த சைக்கிள் கடையை நடத்துவது சந்திரகலா என்ற பெண். வெளிநாட்டுக்காரர்களுக்கும் காலேஜ் பிள்ளைகளுக்கும் வண்டி விற்று விற்று நாக்கு நன்றாகப் பழகியிருந்தது. மெரின் உள்ளே நுழைந்ததும் கையை நீட்டியது சுவரில் மாட்டியிருந்த ரேஸ் சைக்கிளை நோக்கித்தான். கறுப்பு நிறம். ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில்பார். விரல் தடிமன் டயர். ஒரு கையாலேயே தூக்க முடிந்தது.

"எது ரொம்ப வேகமா போவும்? இதானே?" என்று கேட்டாள்.

கூட வந்திருந்த கணவன் நெல்சன் பெருமூச்சு விட்டான். அவன் ஒயிட் டவுனில் ஒரு விடுதியில் சமையல்காரன். லீவு நாளில் விடுதி நிரம்பி வழியும். அரை நாள் அனுமதி வாங்குவதற்குள் முதலாளியிடம் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்.

"மெரின், சைக்கிள் சேதராப்பட்டுக்கா, வேளாங்கண்ணிக்கா, இல்ல உங்கண்ணன் மூஞ்சிக்கா? அத மொதல்ல சொல்லு," என்றான்.

கேள்வியில் நியாயம் இருந்தது. மெரினுக்கு சேதராப்பட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. முத்தியால்பேட்டை பக்கம் வந்துகொண்டிருந்த கம்பெனி வேனை நிறுத்திவிட்டார்கள். ஸ்கூட்டி ஓட்ட அவளுக்குப் பயம், சைக்கிள் என்றால் சின்ன வயசிலிருந்தே உயிர். தினம் போய்வர ஒரு வண்டி வேண்டும், அதிலேயே வருஷத்துக்கு ஒரு தடவை வேளாங்கண்ணியும் போய்வர வேண்டும் என்றுதான் வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். அண்ணனை முந்துவது என்பது அவள் மட்டும் மனதுக்குள் சேர்த்துக்கொண்டது.

சந்திரகலா ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். மெரின் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ரேஸ் சைக்கிளில் ஏறினாள். முதல் நூறு அடிக்கு வானத்தில் பறப்பது போலத்தான் இருந்தது. சிக்னல் தாண்டியதும் வேகத்தடை வந்தது. முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து குசலம் விசாரித்தது. குனிந்தே ஓட்டியதில் எதிரே வந்த டெம்போ மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. ஜல்லி கிடந்த இடத்தில் முன்சக்கரம் வழுக்கி, ஏசுவே என்று காலை ஊன்றினாள். திரும்பி வந்து இறங்கியபோது கழுத்து வலித்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. இதுவே இருக்கட்டும் என்றாள்.

"சாப்பாட்டுப் பை, யூனிஃபார்ம் எல்லாம் எங்க வச்சிப்பீங்கக்கா?" என்று சந்திரகலா கேட்டாள்.

கேரியர் மாட்டிக் கொடு என்றாள் மெரின். அதற்கு சந்திரகலா சொன்ன பதில்தான் அன்றைய நாளையே புரட்டிப் போட்டது.

இந்த வண்டிக்குக் கேரியர் மாட்ட முடியாது. பிரேமில் அதற்கான ஓட்டையே கிடையாது. மட்கார்டுக்கும் கிடையாது. எடை ஏறும் என்று கம்பெனியிலேயே வைப்பதில்லை. சீட்டுக்குக் கீழே இருக்கும் தண்டும் மெல்லியது, அதில் எதையாவது இறுக்கிக் கட்டினால் விரிசல் விடும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, தெரிந்துதான் வாங்குகிறார்கள் என்பதற்கு அத்தாட்சி மாதிரி இன்னொன்றையும் சேர்த்தாள்.

"போன வாரம் மார்க்கெட்டு லூர்துபிரகாஷ் சார் இதே வண்டிதான் எடுத்துகினு போனாரு. கேரியர் இல்லன்னு சொன்னேன். அது என்னாத்துக்கு, வெய்ட்டுதானேன்னுட்டாரு. பழைய வண்டியையும் இங்கயே போட்டுட்டாரு."

மெரின் சந்திரகலாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ரேஸ் சைக்கிளின் பின்பக்கம் குனிந்து, சக்கரத்துக்கு மேலே இருந்த வெற்று இடத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அந்தப் பங்கில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் உடனே புரியும். குழுவின் முதல் சைக்கிளில் மாதா கொடி போகும். வெளிர்நீலத் துணி, ஆள் உயர மூங்கில் கம்பு. பயணத்துக்கு முன்னால், ஆகஸ்ட் பதினைந்து மாலைப் பூசை முடிந்ததும், எல்லா சைக்கிள்களையும் கோயில் வளாகத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். முதல் சைக்கிளின் கேரியரில் கொடியைக் கட்டிய பிறகுதான் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மந்திரித்த வண்டியில்தான் போக வேண்டும், வேறு வண்டி மாற்றக் கூடாது. கொடியைக் கையில் பிடித்துக்கொண்டு போகக் கூடாது, தரையில் படவும் கூடாது. முதல் வண்டியில் கட்ட முடியாவிட்டால் வரிசையில் அடுத்த வண்டிக்குப் போகும். இதெல்லாம் மெரினின் அப்பா அல்போன்ஸ் காலத்தில் வகுத்தது. அவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். பக்தியிலும் பரேடு பார்க்கிற மனுஷன்.

அவர் போன பிறகு முதல் இடம் லூர்துபிரகாஷுக்கு. இத்தனை வருஷமும் கொடியைக் கட்டுவது, சாமியாருக்கு உதவியாகக் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் வேலை. லூர்துபிரகாஷ் போட்டோவுக்கு நிற்பதோடு சரி. கொடி எதில் கட்டப்படுகிறது என்று ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருந்தால், கேரியர் என்னாத்துக்கு என்று கேட்டிருக்க மாட்டான்.

மெரின் நிமிர்ந்தாள். கேரியர் போடக் கூடியதில் வேகமானது எது என்று கேட்டாள்.

சந்திரகலா முதலில் மலைப்பாதையில் ஓட்டுகிற தடி டயர் வண்டி ஒன்றைக் காட்டினாள். முன்பக்கம் ஷாக் எல்லாம் வைத்து எருமை மாதிரி இருந்தது. சேதராப்பட்டு போய்ச் சேருவதற்குள் ஷிஃப்ட் முடிந்துவிடும் என்று நெல்சனே தள்ளிவிட்டான். அடுத்தது ஹைபிரிட். ரேஸ் சைக்கிளைப் போலப் பெரிய சக்கரம், அதைவிடக் கொஞ்சம் அகலமான டயர், நேரான ஹேண்டில்பார். ஏற்றத்துக்கும் எதிர்க்காற்றுக்கும் தேவையான கியர் இருந்தது. மழையிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக். கேரியருக்கும் மட்கார்டுக்கும் ஓட்டை ரெடியாக இருந்தது.

மெரின் அதை எடுத்துக்கொண்டு கோட்டக்குப்பம் வரை போனாள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்ட முடிந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கியது தெரிந்தது, வலிக்கவில்லை. கடல் காற்று எதிரே அடித்தபோது கியரை இறக்கினாள், கால் இலகுவாகச் சுற்றியது. திரும்பும்போது காற்று முதுகில் தள்ள, பக்கத்தில் வந்த ஆட்டோவுக்குச் சமமாக வந்தாள். ரேஸ் சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகம் குறைவுதான். ஆனால் இந்த வேகத்தை நாள் முழுக்கப் பிடித்து நிறுத்த முடியும் என்று அவள் காலுக்குத் தெரிந்துவிட்டது.

சாம்பல் நிற வண்டியை எடுத்துக்கொண்டாள். இரும்புக் கேரியர், மட்கார்டு, ஸ்டாண்டு மாட்டச் சொன்னாள். கடைசியாக, கேரியரின் பின்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பைப் துண்டு ஒன்றை நிமிர்த்தி வைத்துக் கிளாம்ப் போடச் சொன்னாள். எதற்கு என்று சந்திரகலா கேட்டதற்கு, குடை வைக்க என்று கூசாமல் சொன்னாள்.

நெல்சனுக்கு அது என்ன குடை என்று புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பேச்சை எடுத்தான். சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது, மச்சானுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாம், நாலு பேர் முன்னால் ஒரு மனுஷனை அப்படி நிற்க வைப்பது பாவம் என்றான்.

"கொள்ளிடத்துல நான் நின்னப்போ எத்தினி போன் போட்டேன், எடுத்தாரா? இன்னிக்கி யாராச்சும் அவருக்குச் சொன்னீங்கன்னா, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

நெல்சன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விடுதிக்குக் கிளம்பிவிட்டான். மெரின் புது வண்டியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்த ஒரு வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக ஒரு மத்தியானம் வாய்த்ததில்லை. அது நல்ல சந்தோஷம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

மாலைப் பூசைக்கு முன்னாலேயே வளாகத்துக்குப் போய்விட்டாள். மாதா சொரூபம் இருக்கும் குகை மாதிரியான கெபிக்கு எதிரே, வரிசையின் முதல் இடத்தில், லூர்துபிரகாஷின் கறுப்புச் சைக்கிள் மதிலில் சாய்ந்திருந்தது. அதற்கு ஸ்டாண்டும் கிடையாது. நாலைந்து பேர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எடை எவ்வளவு, எந்த நாட்டுச் சாமான் என்று அவன் விளக்கிக்கொண்டிருந்தான். மெரின் தன் வண்டியை நேர்பின்னால், இரண்டாவது இடத்தில் நிறுத்தினாள்.

அண்ணன் பார்த்தான். "என்னா மெரினு, பால்காரன் வண்டி மாதிரி கேரியரெல்லாம் வச்சிக்கினு. இந்த வருஷமாச்சும் கொள்ளிடம் தாண்டுவியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மெரினும் சிரித்தாள். ஆட்டோவில் வந்து இறங்கிய ஞானமேரி, மகன் வண்டியைக் கிட்டத்தில் போய் நல்ல கண்ணால் பார்த்துவிட்டு, மகள் வண்டியைப் பார்க்காமலே கோயிலுக்குள் போனாள். அவள் இருப்பது மகன் வீட்டில். அதுவும் மெரினுக்கு ஒரு முள்.

பூசை முடிந்தது. சாமியார் தீர்த்தச் செம்போடு வெளியே வந்தார். உபதேசியார் கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு முதல் சைக்கிளிடம் போனார். போனவர் நின்றார். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தம்பி, இத எதுல கட்டுறது?"

லூர்துபிரகாஷ் அப்போதுதான் முதல் தடவையாகத் தன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தான். முகத்தில் ரத்தம் சுண்டியது. சீட்டுத் தண்டில் கட்டச் சொன்னான். உபதேசியார் கயிற்றைச் சுற்றினார். கம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறுக்கினார். தண்டு கிறீச் என்றது. விட்டுவிடுங்கள் என்று அவனே பதறினான். ஹேண்டில்பாரில் கட்டிப் பார்த்தார்கள். மதிலோடு சாய்ந்திருந்த வண்டி சறுக்கி, கொடியின் நுனி தரைக்கு நாலு விரற்கடை மேலே வந்து ஆடியது. கூட்டத்தில் இருந்த பெண்கள் மாதாவே என்று கையை நெஞ்சில் வைத்தார்கள். சாமியார் எட்டிப் பிடித்துக்கொண்டார்.

 மெரின் தன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்து இரண்டடி முன்னால் உருட்டினாள். "அடுத்த வண்டி என்னுதுதான் ஃபாதர்."

கம்பு பைப்புக்குள் இறங்கிக் கச்சிதமாக நின்றது. யாரோ கை தட்டினார்கள். தீர்த்தம் அவள் முகத்திலும் தெறித்தது. அதைத் துடைக்காமல் நின்றாள்.

ஆனால் அவள் மனதில் வைத்திருந்தது அதோடு முடியவில்லை. கடைசி வண்டியில் யார் வருவது என்று கொடி வண்டிக்காரர்தான் சொல்ல வேண்டும். கடைசியாக வருகிறவர் வழியில் நின்றுபோன எந்த வண்டியையும் தாண்டிப் போகக் கூடாது. பஞ்சர் பார்த்து, ஆளை ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டும். போன வருஷம் கொள்ளிடத்தில் அப்படிக் கடைசியாக வந்த ஆளையும் கை காட்டி அழைத்துக்கொண்டு போனவன் லூர்துபிரகாஷ். யாரைப் போடுவது என்று சாமியார் கேட்டார்.

"எங்கண்ணன்தான், ஃபாதர். வழியில நின்னவங்கள எப்பிடிப் பாத்துக்கணும்னு அவருக்குக் கத்துக்குடுக்கணும். போன வருஷம் டயர் கிழிஞ்சு நின்ன என்ன, வேன அனுப்புறேன்னு சொல்லிட்டு விட்டுட்டுப் போனாரு. ஊர்ல வந்து நானா பஸ் ஏறிட்டேன்னாரு. எல்லாரும் நம்புனீங்க. எங்கம்மாவும் நம்புனாங்க."

ஒரு வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. வளாகமே லூர்துபிரகாஷின் பக்கம் திரும்பியது. அவன் மறுக்கட்டும் என்று மெரின் காத்திருந்தாள். மறுத்தால் வைத்துத் தாளிக்க இன்னும் இரண்டு வாக்கியம் மிச்சம் இருந்தது.

அவன் மறுக்கவில்லை. கறுப்புச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு நடந்தான். அவளைக் கடக்கும்போது நின்று, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"வேன திருப்பச் சொல்லத்தான் இருந்தேன். அதுக்குள்ள அம்மா போன் பண்ணாங்க, உன் டயர் கிழிஞ்சதச் சொன்னேன். அவள அங்கயே விட்டுட்டு நீ போ, அவ போன் பண்ணா எடுக்காதன்னு சொன்னாங்க. ஏன்னு நான் கேக்கல. ஊர்ல அப்பிடிச் சொல்லச் சொன்னதும் அவங்கதான்."

பொய் என்று சொல்ல மெரின் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். பொய் சொல்லும்போது அண்ணன் சத்தமாகப் பேசுவான் என்பது அவளுக்கு ஆறு வயசிலிருந்து தெரியும்.

கெபிப் படியில் உட்கார்ந்திருந்த ஞானமேரியிடம் போனாள். அவள் நேர்ந்துகொண்டது இந்த அம்மாவின் கண்ணுக்காக. அந்த நேர்ச்சையை முறித்தவள் என்று ஒரு வருஷம் பழி சுமந்ததும் இதே அம்மாவின் வாயால். 

"நீங்களா என்ன விட்டுட்டுப் போவச் சொன்னீங்க?"

ஞானமேரி ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தவில்லை. "ஆமா. நான்தான் சொன்னேன்."

"உங்க கண்ணுக்காகத்தானேம்மா போனேன்."

"ரெண்டு கண்ணும் போனாலும் பரவால்லன்னுதான் சொன்னேன். அன்னிக்கி வேளாங்கண்ணியில ஒரு ஆளு உனக்காகக் காத்துகினு இருந்துச்சு. நீ போய்ச் சேந்திருந்தா நம்ம குடும்பம் இன்னிக்கி இப்பிடி இருக்காது." நல்ல கண்ணை நிமிர்த்தி மகளைப் பார்த்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் மகளை நேராகப் பார்த்தது அப்போதுதான். "இந்த வருஷமும் வரும், கொடி வண்டியப் பாத்துதான் வந்து நிக்கும். அதனாலதான் லூர்து முன்னால போவட்டும்னு இருந்தேன். நீ பெரிய ஆளாட்டம் கொடிய வாங்கிகினு நிக்கிற."

அண்ணனுக்கென்று சேர்த்து வைத்திருந்த கோபம் முழுவதும் மெரினுக்குள் திரும்பி நின்றது. அதை அம்மாவின் மேல் கொட்டவும் அவளால் முடியவில்லை. வரிசையின் கடைசியில், நிறுத்த ஸ்டாண்டு இல்லாத சைக்கிளைக் கையில் பிடித்தபடி, லூர்துபிரகாஷ் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தான்.

"யாரும்மா அது?" என்று கேட்டாள்.

ஞானமேரி ஜெபமாலையை முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தாள். "உன்ன பெத்தவ," என்றாள்.